மறுப்பு நூலும் முறையீட்டு மனுவும்

தமிழ் இலக்கிய வரலாறு கற்பிக்கப்படும் வகுப்பறைகளிலும் கருத்தரங்க மேடைகளிலும் இரண்டு கூற்றுகள் ஓய்வின்றி ஒலித்து வருகின்றன. தமிழ் பக்தியின் மொழி என்பது ஒன்று. நாத்திகம் இருபதாம் நூற்றாண்டில் மேலை நாட்டிலிருந்து வந்திறங்கிய சரக்கு என்பது மற்றொன்று. முதலாவது பெருமையாகச் சொல்லப்படுகிறது. இரண்டாவது அப்பெருமைக்கு இடையூறு நேராதபடி வாயிற்காவல் புரிகிறது. இவ்விரண்டையும் மறுக்க முற்படுவோர் கையில் எடுக்கும் மூன்றாவது கூற்றும் உண்டு. இந்திய மரபு நாத்திகரையும் மதித்து அவைக்களத்தில் அமர்த்தியது, ஆதலின் சகிப்பு இம்மண்ணின் இயல்பு என்பது அது. மூன்றுமே சான்றுகளுக்கு முன் நிற்கமாட்டா. மூன்றாவது கூற்று நல்லெண்ணத்தால் சொல்லப்படுவது. எனினும் நல்லெண்ணம் சான்றாகாது.

பண்டைத் தமிழ்ச் சமய நூல்கள் நாத்திகனை மதிக்கவில்லை. ஆயினும் அவனுக்கு விடை கூறும் கடப்பாடு தமக்கு உண்டென அவை உணர்ந்திருந்தன. இன்றைய பொதுவாழ்வு அவனுக்கு ஏட்டளவில் உரிமை வழங்கிவிட்டு, விடை கூறும் கடப்பாட்டைக் கைகழுவியிருக்கிறது. மறுப்பு நூல் இருந்த இடத்தில் இன்று முறையீட்டு மனு வந்து அமர்ந்துள்ளது. தமிழாய்வுலகம் இந்த இடமாற்றத்தைக் கண்டும் காணாததுபோல் இருப்பது ஏன் என்பதே ஈண்டு எழுப்பப்படும் வினா.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். வைதிக வழக்கில் நாத்திகன் என்பான் கடவுளை மறுப்பவன் அல்லன், வேதத்தை மறுப்பவன். மனுநூல் அவ்வாறே ஆள்கிறது. அவ்வளவையால் அளந்தால் பௌத்தரும் சமணரும் நாத்திகரே. உலகைப் படைத்துக் காக்கும் ஒரு கடவுளை அவ்விரு சமயத்தாரும் ஏற்றிலர். ஆகவே, தமிழ் பக்தியின் மொழி என்று முழங்குவோர் மணிமேகலையையும் குண்டலகேசியையும் வளையாபதியையும் சீவக சிந்தாமணியையும் நீலகேசியையும் எந்த அலமாரியில் வைப்பார்கள்? படைப்புக் கடவுளை ஏலாத சமயங்களின் கொடையே தமிழ்க் காப்பிய மரபின் பெரும்பகுதி. பாட நூல்கள் இதனை மறைப்பதில்லை. அந்நூல்களைச் 'சமயக் காப்பியங்கள்' என்று பெயரிட்டு அடுத்த தலைப்புக்குச் சென்றுவிடுகின்றன. மறைப்பதைக் காட்டிலும் இது திறமையான வழி. எதிர்முனையில், புறநானூற்றுப் பக்குடுக்கை நன்கணியாரை உலகாயதர் எனக் கொண்டு மகிழும் ஆய்வாளரும் உளர். படைத்தவனைப் பண்பிலான் எனப் பழிக்கும் பாட்டு படைத்தவன் ஒருவன் உண்டென்பதை ஒப்புக்கொண்டே பழிக்கிறது. அதனை நாத்திகத்தின் கணக்கில் வரவு வைப்பது பொருந்தாது.

வஞ்சி மாநகரில் மாதவ வடிவம் தாங்கிச் சென்ற மணிமேகலை, சமயக் கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் பல சமயத்தார் கூற்றுகளைக் கேட்கிறாள். நிறைவாக வருபவன் பூதவாதி. தாதகிப் பூவும் கருப்புக்கட்டியும் பிறவும் கலந்தவிடத்து மதுவின் களிப்புப் பிறப்பதுபோலப் பூதங்கள் கூடியவிடத்து உணர்வு பிறக்கிறது; அவை பிரிந்தால் பறையோசைபோல் அது கெடுகிறது; கண்கூடு அல்லாத அளவை ஏலாது; மறுமை என்பது பொய் என அவன் கூறுகிறான். பெரும்பாலும் கேட்டு நகர்ந்துவந்த மணிமேகலை இங்கு நிற்கிறாள், நகைக்கிறாள். தன் முற்பிறப்பை அறிந்தவளாதலின் அந்நகை. பூதவாதியும் விடவில்லை. தெய்வ மயக்கினாலும் கனவினாலும் பித்தினாலும் தோன்றுவனவற்றை மெய்யெனக் கொள்ளுதல் எங்ஙனம் என்று ஐயுறுகிறான். அதற்கு அவள் தரும் விடை பெயர்பெற்றது. உன் தாய் தந்தையர் இன்னார் என்பதைக் கருத்தளவையால் அன்றி வேறு எவ்வகையால் அறிவாய் என அவள் வினவுகிறாள்.

இப்பகுதியைப் பூதவாதியின் தோல்வியாகக் கற்பிப்பதே வழக்கம். உண்மையில் அவன் வினாவுக்கும் அவள் விடைக்கும் இடையே ஒரு விடுபாடு இருக்கிறது. கனவையும் மயக்கத்தையும் நம்பலாமா என்பது வினா. அனுமானம் இன்றி வாழ இயலுமா என்பது விடை. அனுமானம் ஏற்கத்தக்கது என்று நாட்டினாலும், முற்பிறப்பு நினைவு மயக்கம் அன்று என்பது நாட்டப்படவில்லை. பூதவாதி இதனைச் சுட்டியிருக்கக்கூடும்; ஆனால் சாத்தனார் அவனுக்கு மறுமொழி எழுதித் தரவில்லை. காப்பியம் ஆசிரியரின் அவை. அங்கு இறுதிச் சொல் ஆசிரியருடையது. இருப்பினும் ஒன்று கருதத்தக்கது. மணிமேகலை தன் உள்ளம் புண்பட்டது என்று கூறவில்லை. வஞ்சி வேந்தனிடம் முறையிடவும் இல்லை. தாய் தந்தையரை எடுத்துக்காட்டி வாதிட்டாள்.

நீலகேசி இன்னும் வெளிப்படையான மறுப்பு நூல். குண்டலகேசி என்னும் பௌத்த நூலுக்குச் சமணம் தந்த விடை அது. நூலுக்கு நூல் எதிர். வேத வாதத்தையும் விட்டுவைக்காத அந்நூலின் இறுதிச் சருக்கம் பூத வாதம். அருணந்தி சிவாசாரியாரோ பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரு கூறாக்கித் தம் கொள்கையை நிறுவுமுன் பதினான்கு புறக்கொள்கைகளை எடுத்துரைத்து மறுத்தார். அவற்றுள் முதலாவது உலகாயதம். அவன் வாதத்தை அவன் வாயால் நிரல்படச் சொல்லவைத்து, அதன்பின் மறுப்பது அவர் முறை. எதிரியின் கூற்றை அவன் ஒப்பும் வகையில் எடுத்துரைக்க இயலாதவனுக்கு மறுக்கும் தகுதி இல்லை என்ற நூல்நெறி அதில் பொதிந்துள்ளது. பிற்காலத்துச் சைவ உலகம் சுபக்கத்துக்கு அறுவர் உரை கண்டது; சிவஞான முனிவரும் சுபக்கத்துக்கே உரை வரைந்தார். பரபக்கம் அத்தகைய வாழ்வைப் பெறவில்லை. மறுப்பின் பயனை வைத்துக்கொண்டு மறுக்கும் உழைப்பைக் கைவிடும் போக்கு நேற்று இன்று தோன்றியதன்று என்பதற்கு இதுவும் ஒரு குறிப்பு.

இதனைக் கொண்டு பழந்தமிழகத்தைக் கருத்துரிமையின் பொற்காலமாக வரைவோர் ஒன்றை விளக்கக் கடமைப்பட்டவர்கள். உலகாயதர் தாமே தமிழில் எழுதிய நூல் ஒன்றுகூட ஏன் எஞ்சவில்லை? நமக்குக் கிடைக்கும் உலகாயதன் முழுவதும் அவனை வெல்ல நினைத்தோர் வரைந்த உலகாயதன். குண்டலகேசியின் வாதங்களையும் நாம் பெரிதும் நீலகேசி வழியாகவே அறிகிறோம். ஏடுகளைப் படியெடுத்துக் காத்தவை மடங்களும் பள்ளிகளும். மறுமையே இல்லை என்பவனின் ஏட்டைப் படியெடுப்பதால் எந்தப் புண்ணியமும் சேராது. எரித்தார்கள் என்று சொல்லச் சான்றில்லை. படியெடுக்காமல் விடுதலே போதுமானதாக இருந்திருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு வந்தபின் இந்நிலை மாறியது. கிறித்தவப் பரப்புரைக்கு எதிராக ஆறுமுக நாவலர் 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதினார், கண்டனத்துக்குக் கண்டனம். ஆனால் அதே நாவலர் 1869இல் இராமலிங்க அடிகளுக்கு எதிராகப் போலியருட்பா மறுப்பு எழுதிய ஆண்டிலேயே மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் அவதூறு வழக்கும் தொடுத்தார். நூலும் மனுவும் ஒரே கையிலிருந்து புறப்பட்ட ஆண்டு அது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' இதழை நடத்தினர்; அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர் 1882இல் 'இந்துமத ஆசார ஆபாச தரிசினி'யை வெளியிட்டார். குடி அரசு தோன்றிய 1925க்கு நாற்பதாண்டுகள் முந்தியவை இவை. பேராசிரியர் வீ. அரசு இவ்விதழ்களைத் தேடித் தொகுத்து 2012இல் பதிப்பிக்கும்வரை தமிழ் நாத்திகத்தின் வரலாறு ஈரோட்டில் தொடங்குவதாகவே பலரும் எழுதிவந்தனர். அச்சங்கத்தார் இலண்டனில் பிராட்லா நடத்திய மதச்சார்பற்றோர் சங்கத்தோடு தொடர்பு கொண்டிருந்தது மெய். அதனால் அவர்கள் சிந்தனை அயல்நாட்டுச் சரக்காகிவிடும் என்றால், அதே காலத்து அச்சும் உரைநடையும் புதினமும் என்னவாகும்? அவற்றின் பிறப்பிடத்தை எவரும் குற்றமாகச் சொல்வதில்லை. இறக்குமதி வரி நாத்திகத்துக்கு மட்டுமே விதிக்கப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் மனு வென்றது. இலாகூரில் 1924இல் வெளியான ஒரு நூலின் பதிப்பாளர் 1927இல் உயர்நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டதையொட்டி எழுந்த கொந்தளிப்பில், அதே ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295அ பிரிவு சேர்க்கப்பட்டது. சமய உணர்வைத் தீய நோக்கோடு வேண்டுமென்றே புண்படுத்துவது குற்றம் என்கிறது அது. பதிப்பாளர் 1929இல் கொல்லப்பட்டார். சட்டம் அவரைக் காக்கவில்லை. 2024 ஜூலை முதல் அப்பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவாக வாழ்கிறது. ஆட்சிகள் மாறின, பிரிவு மாறவில்லை.

1953இல் பெரியார் திருச்சியில் களிமண் பிள்ளையார் உருவத்தை உடைத்தார். அதன்மேல் தொடுக்கப்பட்ட முறையீட்டைக் கீழ் நீதிமன்றங்கள் தள்ளின. கடையில் வாங்கிய மண்பொம்மை வழிபாட்டுப் பொருளாகாது என்பது அவற்றின் கருத்து. 1958இல் உச்ச நீதிமன்றம், காலம் கடந்துவிட்டதால் வழக்கை மேற்கொண்டு நடத்தத் தேவையில்லை என்று முடித்தது. எனினும், ஒரு வகுப்பார் புனிதமெனக் கொள்ளும் எப்பொருளும் சட்டத்தின் காப்புக்கு உரியது. அவர்தம் நம்பிக்கை அறிவுக்கு இசைந்ததா அன்றா என்று நீதிமன்றம் பாராமல் மதித்தல் வேண்டும் என்று கூறியது. சட்ட நோக்கில் இதற்கு நியாயம் உண்டு. நீதிபதி இறையியல் தீர்ப்பு வழங்கலாகாது. ஆனால் 'அறிவுக்கு இசைந்ததா' என்னும் வினா நீதிமன்றத்தில் எழக்கூடாது என்பது வேறு. எங்குமே எழக்கூடாது என்பது வேறு. கடந்த அறுபதாண்டுப் பொதுவாழ்வு முன்னதைப் பின்னதாக மெல்ல மாற்றிக்கொண்டது.

புலவர் குழந்தையின் இராவண காவியம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களால் ஆனது. 1946இல் வெளிவந்தது, 1948இல் தடை செய்யப்பட்டது, 1971இல் தடை நீங்கியது. யாப்பில் அமைந்த ஒரு காவியத்துக்கு யாப்பில் எதிர்காவியம் எழுதுவதே நீலகேசி காட்டிய வழி. அரசு ஆணை எழுதுவது எளிதாயிற்று.

தமிழ்நாட்டுக்கு வெளியே உள்ள தமிழ்த்துறைகள் நினைவில் கொள்ள வேண்டிய வழக்கு மற்றொன்று. பெரியாரின் இராமாயண ஆய்வு ஆங்கிலம் வழியாக இந்திக்குச் சென்று, 'சச்சீ ராமாயண்' என்னும் பெயரில் 1968இல் லலாய் சிங் யாதவால் வெளியிடப்பட்டது. 1969 டிசம்பரில் உத்தரப் பிரதேச அரசு ஆங்கில நூலையும் இந்தி மொழிபெயர்ப்பையும் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. 1971இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. அரசின் மேல்முறையீட்டை 1976இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். இதனை நாத்திகத்தின் வெற்றியாகக் கொண்டாடுவோர் தீர்ப்பைப் படித்தவராகத் தெரியவில்லை. நூலின் கருத்து சரியா தவறா, அது புண்படுத்துகிறதா என்னும் ஆய்வுக்குள் நீதிமன்றம் புகவில்லை. பறிமுதல் செய்யும் அரசு தன் முடிவுக்கான காரணங்களை ஆணையிலேயே கூறுதல் வேண்டும் என்பது சட்டத்தின் விதி. உத்தரப் பிரதேச அரசு புண்படுத்தும் பக்கங்களைப் பட்டியலிட்டது, காரணம் கூறவில்லை. ஆகவே ஆணை வீழ்ந்தது. நடைமுறைக் குற்றம் என்று இதனைச் சுருக்கிவிடலாகாது. பக்க எண்களைத் தருவது மறுப்பாகாது, ஏன் என்று சொல் என அரசைக் கேட்ட தீர்ப்பு அது. அருணந்தியார் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட நெறியை, கிருஷ்ணய்யர் ஓர் அரசுக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது.

இவ்வாறு நாத்திகனிடம் காரணமும் அடக்கமும் ஒருங்கே கேட்கப்படும் பொதுவாழ்வில், சமயம் எக்காரணமும் கூறாமல் நுழைகிறது. 'பண்பாடு' என்னும் சொல்லே அதற்கான நுழைவுச்சீட்டு. உயர்நீதிமன்றக் கட்டடத்துக்குப் பூமி பூசை செய்தது அரசமைப்புக்கு முரணானது என்று கேட்ட மனுவைக் குசராத் உயர்நீதிமன்றம் 2011இல் தள்ளியதோடு மனுதாரருக்கு 20,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. தமிழ்நாட்டில் அண்ணா அரசு 1968இல் அரசு அலுவலகங்களிலிருந்து கடவுள் படங்களைப் படிப்படியாக அகற்றுமாறு பணித்தது. அலுவலகங்களுக்குச் சென்றுவருவோர் அதன் பயனை அறிவர். அதே அரசின் சுயமரியாதைத் திருமணச் சட்டம் புரட்சியெனப் போற்றப்படுகிறது, போற்றத்தக்கதே. ஆயினும் அது இந்துத் திருமணச் சட்டத்தின் திருத்தமாகவே இயற்றப்பட்டது. கடவுளையும் சடங்கையும் மறுத்து மணந்தவர்களின் மணம் இரு இந்துக்களின் மணமாகவே செல்லுபடியாகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் சமயம் குறிப்பிடாதோர் ஏறத்தாழ 29 இலட்சம் பேர். அவர்களுள் மறுப்போர் எத்தனை, சொல்ல விரும்பாதோர் எத்தனை, கேட்கப்படாமலே விடப்பட்டோர் எத்தனை என்பதை அப்படிவம் பிரித்தறியவில்லை. தமிழ்த்துறைக் கருத்தரங்குகளும் இதற்கு விலக்கல்ல. குத்துவிளக்கேற்றி இறைவணக்கம் பாடித் தொடங்கும் அவையில் பூதவாதியைப் பற்றிய கட்டுரை பிற்பகல் அமர்வில் வாசிக்கப்படுகிறது.

எதிர்த்தரப்பின் வலிமையான வாதம் இரண்டு. துயருற்ற எளிய மனிதனுக்குக் கடவுள் ஒன்றே துணை. அதைப் பறிப்பது கொடுமை என்பது முதலாவது. இதனை எள்ளி ஒதுக்கலாகாது. ஆனால் புண்பட்டதாக மனு எழுதுவோர் பெரும்பாலும் அவ்வெளியவர் அல்லர். அவர் பெயரால் பேசும் அமைப்புகள். தவிரவும், எளியவரின் நம்பிக்கையைச் சொல்லால் அசைக்கக்கூடாது என்பது உண்மையாயின், தேவார முதலிகள் சமணரையும் பௌத்தரையும் பாடிய பாட்டுகள் முதலில் அவ்விதிக்கு உட்படுதல் வேண்டும். அவற்றை இலக்கியமென்று கற்பிக்கிறோம், கற்பிக்கத்தான் வேண்டும். அந்தச் சலுகை கடவுளை மறுக்கும் பாட்டுக்கும் உரியது.

நாத்திகம் ஆட்சிக் கட்டிலேறிய நாடுகளில் நிகழ்ந்தது என்ன என்பது இரண்டாவது வாதம். 1931இல் மாஸ்கோவில் மீட்பர் கிறித்து பேராலயம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1967இல் அல்பேனியா வழிபாட்டிடங்கள் அனைத்தையும் மூடியது. நாத்திகர் இதற்கு விடை கூறாமல் நழுவுவது தகாது. வாதத்தால் வெல்ல வேண்டியதை ஆணையால் வெல்ல முயன்ற அவ்வரசுகள், 1948இல் இராவண காவியத்தைத் தடைசெய்த அரசு செய்த பிழையையே பன்மடங்கு பெரிதாகச் செய்தன. அரசு எத்தரப்பின் கையாளாகவும் ஆகலாகாது என்பதற்கு அவை சான்றாகும். நாத்திகர் வாய்திறக்கலாகாது என்பதற்குச் சான்றாகா.

தமிழ் நாத்திகத்தார் மீதும் குறை உண்டு. சிலையின் பீடத்தில் கடவுள் மறுப்பு வாசகம் பொறிப்பதற்கான உரிமையை 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் உறுதி செய்தது, நன்று. ஆனால் அவ்வாசகத்துக்கு மேற்பட்ட வாதத்தை அண்மைப் பதிற்றாண்டுகளில் எத்தனை நூல்கள் வளர்த்தன? மேற்கோள் தொகுப்புகள் பெருகின. பரபக்கத்துக்கு வரிக்கு வரி விடைகூறும் உலகாயத நூல் ஒன்றும் எழவில்லை. சாத்தனார் பூதவாதிக்கு எழுதித் தராத மறுமொழியை எழுதுவதற்கு இன்று எந்தத் தடையும் இல்லை.

வாதத்தை முறையீடு விழுங்கும் பாதையின் முடிவில் துப்பாக்கி இருக்கிறது. 2013 ஆகஸ்டு 20இல் புணேயில் நரேந்திர தாபோல்கர் சுடப்பட்டார். 2024 மே மாதம் சுட்டவர் இருவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட ஏனைய மூவர் விடுவிக்கப்பட்டனர். 2017 மார்ச்சில் கோவையில், பிறந்த சமயத்தை விட்டுக் கடவுள் மறுப்பாளராக வாழ்ந்த ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2015 ஆகஸ்டு 30இல் தார்வாடில் தம் வீட்டு வாயிலில் சுடப்பட்ட எம்.எம். கல்புர்கி இலக்கியத் துறையினர்க்கு இன்னும் அணுக்கமானவர். அவர் கடவுள் மறுப்புப் பரப்புரையாளர் அல்லர். வசன இலக்கியத்தையும் கல்வெட்டுகளையும் ஆய்ந்தவர்; ஹம்பி கன்னடப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். பசவர் குடும்பம் பற்றிய தம் ஆய்வு முடிவுகளை 1989இலேயே சமயத் தலைமையின் நெருக்குதலால் திரும்பப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது. அன்று அவருக்கு ஒரு மறுப்புக் கட்டுரை எழுதப்பட்டிருந்தால் அது கன்னட ஆய்வுக்கு வரவாகியிருக்கும்.

தமிழிலிருந்து பிற இந்திய மொழிகளுக்குச் சென்ற நூல்களின் பட்டியல் துறைதோறும் தொகுக்கப்படுகிறது. திருக்குறளும் சிலப்பதிகாரமும் திருப்பாவையும் அவற்றில் தவறாது இடம்பெறுகின்றன. காசியிலும் அலகாபாத்திலும் இலக்னோவிலும் படிக்கப்பட்டு, தடுக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம்வரை சென்று மீண்ட 'சச்சீ ராமாயண்' அப்பட்டியல்களில் அரிதாகவே காணப்படுகிறது. அதனைச் சேர்ப்பதற்கு அதன் கருத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அருணந்தியார் உலகாயதத்தை ஒப்புக்கொண்டா முதலில் வைத்தார்?